தம்பியின் இடது கண்

பங்காருபேட்டை
13 ஜனவரி 2025

அன்புள்ள தம்பி டேவிட்டுக்கு,

அக்கா பாக்கியவதி எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் நானும் மகன் ரோனியும் சுகமாயிருக்கிறோம். நீயும் ஐடாவும் மகள் ஜெனிட்டாவும் சுகமாயிருக்க ஜெபிக்கிறேன்.

போன் செய்தால் உனக்கு வராது. என் நம்பரை நீ தடுத்து வைத்து இரண்டு வருஷம் ஆகப்போகிறது. அதனால்தான் தபால். கிழிப்பதற்கு முன்னால் ஒரு தரம் படித்துவிடு.

வியாழக்கிழமை சித்தியை அடக்கம் பண்ணும்போது நான் உனக்கு மூன்று வரிசை பின்னால் நின்றிருந்தேன். நீ என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை, அது போகட்டும். பாட்டுப் புத்தகத்தைக் கையில் விரித்து வைத்துக்கொண்டு மனப்பாடமாகப் பாடினாய். எல்லோரும் பக்கம் திருப்பினார்கள், நீ திருப்பவில்லை. பாட்டு முடிந்த பிறகு பக்கத்தில் இருந்தவரைப் பார்த்துவிட்டு மூடினாய். சித்தப்பா உன் இடது பக்கம் நின்று கை நீட்டினார். நீ அப்படியே தாண்டிப் போனாய். அவர் கையை மடக்கிக்கொண்டு, "டேவிட்டுக்கு இன்னா திமிரு பாத்தியா" என்று என்னிடம் சொன்னார். திமிர் இல்லை என்று எனக்குத் தெரியும். அவர் அங்கே நின்றதே உனக்குத் தெரியவில்லை.

அப்புறம் வண்டியை ரிவர்ஸ் எடுத்துக் கல்லறைத் தோட்டத்துக் கேட் தூணில் இடித்தாய்.

இதையெல்லாம் நானும் செய்திருக்கிறேன். என் வலது கண் போவதற்கு முந்தின வருஷம் முழுக்க இப்படித்தான் சமாளித்தேன். உனக்குச் சுகர் வந்து பதினோரு வருஷம். கண்ணில் மருந்து விட்டு உள்ளே நரம்பைப் பார்க்கிற சோதனை ஒரு தரமாவது பண்ணியிருக்கிறாயா? கண்ணாடிக் கடையில் எழுத்து படிக்கிறதைக் கேட்கவில்லை.

நீ ஓட்டுவது பள்ளிக்கூட வேன், டேவிட். பதினெட்டுப் பிள்ளைகள் உட்கார்ந்து வருகிறார்கள்.

அன்புடன்,
அக்கா பாக்கியவதி

*

ஊரிகம்
20-1-25

பாக்கியவதி அக்காவுக்கு,

லெட்டர் வந்துது. ஜெபத்துக்குத் தாங்க்ஸ்.

சித்தி பொணத்தை எறக்கும்போது நான் பக்கம் திருப்பினேனா இல்லையான்னு பாத்துகினு நின்னியா. நீ அழ வந்தியா, வேவு பாக்க வந்தியா. அந்தத் தூணு வெள்ளைக்காரன் காலத்துலேர்ந்து கோணலாத்தான் கீது. எல்லா வண்டியும் அதுல இடிக்கும். போய்ப் பாரு, பத்துக் கலர் பெயிண்ட் ஒட்டிகினு கீது.

என் கண்ணு நல்லா கீது. போன மாசம்தான் கண்ணாடி மாத்தினேன். ஒரு வருஷத்துல இது மூணாவது. கண்ணைக் கவனிக்கிறவன்தானே கண்ணாடி மாத்துவான். வலி இல்ல, எரிச்சல் இல்ல, செவப்பு இல்ல. ஒண்ணும் இல்லாத கண்ணை எதுக்கு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிகினு போகணும்.

சுகர் எவனுக்கு இல்ல. தலை சுத்தினா மாத்திரை போடறேன், சரியாவுது. பத்தொம்போது வருஷமா வேன் ஓட்டறேன். ஒரு புள்ளைக்குக்கூட ஒரு கீறல் இல்ல. ராபர்ட்சன்பேட்டைல எந்த வீட்ல வேணும்னாலும் போய்க் கேளு.

உன் கண்ணு போனது உன் தலையெழுத்து. அதையே எடுத்துகினு வந்து என் முகத்துல ஒட்டாத. இனிமே எழுதாத.

டேவிட்

*

பங்காருபேட்டை
27 ஜனவரி 2025

டேவிட்டுக்கு,

எழுதாதே என்றாய். உன் கடிதத்தைப் பார்த்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை. "ராபர்ட்சன்பேட்டை" என்று எழுதின வரியின் மேலேயே அடுத்த வரியையும் எழுதியிருக்கிறாய். இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று கிடக்கிறது. ரோனி வெளிச்சத்தில் பிடித்துப் பிரித்துப் படித்துச் சொன்னான். கவர் மேல் என் பெயர் பாதி ஸ்டாம்ப் மேலே ஏறியிருக்கிறது. நீ எழுதினதை நீயே பார்க்கவில்லை.

வலி இல்லை என்கிறாய். எனக்கும் வலித்ததில்லை. வலித்திருந்தால் ஓடியிருப்பேன். கார்மென்ட்ஸில் பன்னிரண்டு வருஷம் செக்கிங் டேபிளில் நின்றேன். என் கையைத் தாண்டி ஒரு பட்டன் ஓட்டை தப்பினதில்லை. ஒருநாள் சூப்பர்வைசர் வாணி ஒரு பெட்டியைக் கொண்டுவந்து மேஜையில் கொட்டினாள். நாற்பது சட்டை. எல்லாவற்றிலும் காலர் தையல் விட்டிருக்கிறது. எல்லாவற்றிலும் என் சீல். "இன்னாக்கா, தூங்கினியா" என்று எல்லோர் முன்னாலும் கேட்டாள். அப்போதுதான் எனக்கே தெரியும். அதுவரைக்கும் பார்க்கிறேன் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு கண் மங்கினால் இன்னொரு கண் அதை மறைத்துவிடுகிறது.

நானும் உன்னைப் போல மூன்று கண்ணாடி மாற்றினேன். சுகர் ஏறி இறங்கினால் கண்ணாடி நம்பரும் கூட ஏறி இறங்குமாம், அதை டாக்டர் பிறகுதான் சொன்னார். உள்ளே சின்னச் சின்ன ரத்தக் குழாய் கசிந்துகொண்டே இருக்கும், எழுத்துப் பலகை நன்றாகவே தெரியும். தெரியாமல் போகிற நாளில் பாதி முடிந்திருக்கும். லேசர் வைத்தால் இருக்கிறது நிற்கும், போனது திரும்பாது. இதை நான் தெரிந்துகொண்ட விலை உனக்குத் தெரியும்.

ஒன்று செய். வீட்டில் வலது கண்ணைக் கையால் மூடிக்கொண்டு ஐடா முகத்தைப் பார். அவள் மூக்குத்தி தெரிகிறதா சொல். எனக்குச் சொல்லாவிட்டாலும் அவளுக்குச் சொல்.

பாக்கியவதி

*

ஊரிகம்
4-2-25

அக்கா,

உன் லெட்டரை ஐடா படிச்சிட்டா. நான் வர்றதுக்குள்ள பிரிச்சிட்டா. மூணு நாளா வீட்ல சண்டை. உனக்கு அதுதானே வேணும்.

நீ எதுக்கு எழுதறேன்னு எனக்குத் தெரியும். கண்ணுக்காக எழுதல. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஆபரேஷனுக்கு உன்னை பெங்களூர் கூட்டிகினு போறேன்னு சொல்லிட்டு நான் வரல. அதுக்காக எழுதற. காலைல ஆறு மணிலேர்ந்து ஒம்போது மணி வரைக்கும் உன் வீட்டு கேட்டுல பையோட நின்னே. எனக்குத் தெரியும். நீ ஊரு முழுக்கச் சொல்லியாச்சு. மாத்து டிரைவர் வரல, ஸ்கூல்லேர்ந்து ஆள் அனுப்பினாங்க, புள்ளைங்க ரோட்ல நிக்குதுன்னாங்க. நான் புள்ளைங்களை ஏத்தப் போனேன். தப்புதான். போன் பண்ணியிருக்கணும், பண்ணல. அடுத்த தேதி வர்றதுக்குள்ள உன் கண்ணுல ரத்தம் ரொம்பிகிச்சு. அதுக்கு நான் இன்னா பண்ணட்டும்.

அதுக்குத்தான் சர்ச்சுல ஆராதனை முடிஞ்சதும் எல்லாரும் இருக்கும்போது, "இதோ என் கண்ணைத் தின்னவன் போறான்"னு சொன்னியே. ஜெனிட்டா என் கையைப் புடிச்சிகினு நின்னா. அன்னிக்குத்தான் உன் நம்பரை பிளாக் பண்ணேன். இப்ப சொல்லு, யாரு யாருக்குப் பாவம் செஞ்சது.

நீ ஒரு கண்ணோட கீற. நானும் ஒரு கண்ணாவணும், வேலை இல்லாம வீட்ல குந்தணும். அதைப் பாத்து நீ ஸ்தோத்திரம் சொல்லணும்.

மூக்குத்தி தெரியுது.

டேவிட்

*

பங்காருபேட்டை
15 பிப்ரவரி 2025

டேவிட்,

மூக்குத்தி தெரிகிறது என்று எழுதினாய். ஐடா மூக்குத்தியைக் கழற்றி ஒரு வருஷம் ஆகிறது. மூக்கில் புண் வந்து எடுத்துவிட்டாள் என்று சித்தி அடக்கத்தன்று அவளே என்னிடம் சொன்னாள். உன் வாயிலிருந்து உண்மை வருமா என்று பார்க்கத்தான் அப்படி எழுதினேன். வரவில்லை. நான் செய்தது நல்ல காரியமில்லை. ஆனாலும் செய்தேன்.

பழைய கதைக்கு வருகிறேன். கேட்டில் நின்றதை நான் மறக்கவில்லை, மறக்கவும் மாட்டேன். சர்ச்சில் சொன்னதற்கு ஒரு நாளும் வருத்தப்பட்டதில்லை. நீ என்னைக் கேட்டால் மனசில் பழி இருக்கிறது என்றுதான் சொல்வேன். ஆனால் பழி இருக்கிறவள் கண்ணால் பார்த்தது பொய்யாகிவிடாது.

நேற்று காலை முதல் ரயிலில் ஊரிகம் வந்தேன். உன் வீட்டுக்கு வரவில்லை, பயப்படாதே. ஸ்டேஷனுக்கு இந்தப் பக்கம், பழைய சுரங்க லைன் வீடுகள் முடிகிற இடத்தில், உன் வேன் நிற்கிற ஸ்டாப்புக்கு எதிரே ஒரு டீக்கடை இருக்கிறதே, அங்கே உட்கார்ந்திருந்தேன். சுரங்கக் கழிவு மண் குவிந்த சயனைடு மேட்டுப் பக்கமிருந்து வெயில் நேராக உன் வண்டிக் கண்ணாடியில் அடித்தது. நீ கண்ணைச் சுருக்கிக்கொண்டு வந்தாய். வேனில் ஆயா இல்லை. நான்கு பிள்ளைகள் ஏறினார்கள். ஒரு பெண் பிள்ளையின் தண்ணீர் பாட்டில் கீழே விழுந்து வண்டிக்கு முன்னால் இடது மூலைக்கு உருண்டது. அவள் இறங்கிக் குனிந்து எடுத்தாள். நீ கதவைப் பார்த்தாய், கண்ணாடியைப் பார்த்தாய், கியர் போட்டாய். வண்டி நகர்ந்தது.

உள்ளே இருந்த பிள்ளைகள் கத்தினார்கள். நீ பிரேக் போட்டாய். அவளுக்கும் பம்பருக்கும் நடுவில் என் கை ஒன்று போகும், அவ்வளவுதான். "ஷில்பா, எங்கே போன நீ, ஏறு சீக்கிரம்" என்று அவளையே அதட்டினாய். அந்தப் பிள்ளையும், "சாரி அங்கிள்" என்று சொல்லிவிட்டு ஏறினாள்.

அவள் எங்கேயும் போகவில்லை. உன் முன்னால்தான் இருந்தாள். டீயைக் குடிக்காமல் காசை வைத்துவிட்டு எழுந்தேன்.

பிப்ரவரி முடிகிற வரைக்கும் பார்ப்பேன். அதற்குள் லீவு போட்டுவிட்டு, மருந்து விட்டுக் கண் பார்த்து, டாக்டர் எழுதிக் கொடுத்ததை எனக்கு அனுப்பு. ஓட்டலாம் என்று அவர் எழுதினால் நான் உன் வாசலில் வந்து மன்னிப்புக் கேட்கிறேன். அனுப்பாவிட்டால் பள்ளிக்கூடத்துக்குப் போவேன்.

பாக்கியவதி

*

ஊரிகம்
19-2-25

இது கூட வர்றது ஜெராக்ஸ். நல்லாப் படி. ரெண்டு கண்ணும் சரி, கனரக வண்டிகூட ஓட்டலாம்னு டாக்டர் எழுதி, சீல் போட்டு, கையெழுத்து போட்டுக் கீது. போன ஜூன்ல ஸ்கூலுக்குக் கொடுத்தது. உன் ஒரு கண்ணுக்குத் தெரியலன்னா ரோனியை விட்டுப் படிக்கச் சொல்லு.

அன்னிக்கு நடந்தது எந்த டிரைவருக்கும் நடக்கும். புள்ளைங்க குனிஞ்சா எவனுக்குத் தெரியும். நீ ஸ்டீரிங் புடிச்சிருக்கியா.

டீக்கடைல ஒளிஞ்சிகினு தம்பியை வேவு பாக்கற பொம்பளை நீ. நம்ம லைன்ல யாரும் இந்த வேலை செய்ய மாட்டாங்க. அக்கம்பக்கத்துல எவ்ளோ சண்டை இருந்தாலும் ஒருத்தன் சோத்துல ஒருத்தன் மண்ணு போட மாட்டான்.

நீ அந்த ஸ்கூல் வாசல்ல கால் வெச்சா, அன்னியோட எனக்கு அக்கா கிடையாது. சும்மா சொல்லல. ஜெனிட்டாவுக்கு மாப்பிள்ளை பாத்துகினு கீறோம். அந்தக் கல்யாணத்துல உன் பேரு பத்திரிகைல வராது. நீ செத்தா நான் வர மாட்டேன், நான் செத்தா நீ வரக்கூடாது.

டேவிட்

*

பங்காருபேட்டை
3 மார்ச் 2025

டேவிட்டுக்கு,

வேறு யார் வாயாலும் நீ முதலில் கேட்கக் கூடாது என்று இன்றைக்கே எழுதுகிறேன். ஆனால் இது உன் கைக்கு வருவதற்குள் அவர்கள் உன்னைக் கூப்பிட்டிருப்பார்கள்.

நீ அனுப்பின தாளை ரோனி படித்தான். அந்தக் காகிதம் உண்மையாகவே இருக்கலாம். நானும் கார்மென்ட்ஸ் கண் சோதனையில் தேறினவள்தான். நல்ல கண்ணால் எழுத்தைப் பார்த்து மனப்பாடம் பண்ணிக்கொண்டு, மங்கின கண்ணுக்கு அதையே ஒப்பித்தேன். உனக்கு எப்போதும் என்னைவிட ஞாபக சக்தி அதிகம்.

பதினொரு மணிக்குப் போனேன். ஹெட்மிஸ்ட்ரஸ் அறையில் உட்காரச் சொன்னார்கள். சின்ன வயசுதான், இந்து என்று பெயர்ப் பலகையில் போட்டிருந்தது. கன்னடத்தில் ஆரம்பித்தார், நான் திணறுவதைப் பார்த்துத் தமிழுக்கு வந்தார்.

"நீங்க அவருக்கு யாரு?"

"அக்கா."

"கூடப் பொறந்த அக்காவா?"

"ஆமாம்."

பேனாவைக் கீழே வைத்தார். "வீட்டுச் சண்டையை இங்க கொண்டுவந்தா நான் ஒண்ணும் பண்ண முடியாதும்மா. டேவிட் எங்ககிட்ட பத்தொம்பது வருஷமா இருக்கார்."

"சண்டை இருக்கு. இல்லன்னு சொல்லல" என்றேன். "எனக்காக ஒண்ணும் பண்ண வேணாம். நாளைக்கு அவனை வலது கண்ணை மூடச் சொல்லி, இடது பக்கம் ஒருத்தரை நிக்க வெச்சுப் பாருங்க. நான் சொன்னது பொய்யா இருந்தா என்னை போலீஸ்ல புடிச்சுக் கொடுங்க."

அவர் பேனாவை என் பக்கம் நகர்த்தினார். பிறகு எழுதிக் கொடுக்கச் சொன்னார். எழுதினேன். பதினாலாம் தேதி பார்த்தது முழுக்க எழுதினேன். கையெழுத்துப் போடும்போது, "கம்ப்ளைன்ட் குடுத்தது யாருன்னு அவர்கிட்ட சொல்ல மாட்டோம்" என்றார். "சொல்லுங்க" என்றேன்.

வெளியே வரும்போது மணி அடித்தது. பிள்ளைகள் ஓடி வந்தார்கள். ஷில்பாவைத் தேடினேன். அத்தனை முகத்தில் என் ஒரு கண்ணால் கண்டுபிடிக்க முடியவில்லை.

நீ சொன்னபடியே ஆகட்டும். உனக்கு அக்கா கிடையாது.

பாக்கியவதி

*

ஊரிகம்
10-3-25

பாக்கியவதி அவர்களுக்கு,

நீங்க கேட்டது நடந்துது. எப்படி நடந்துதுன்னு முழுசாத் தெரிஞ்சிக்கணும் இல்ல, அதனால எழுதறேன்.

செவ்வாக்கிழமை சாயங்காலம் ஆபீசுக்குக் கூப்பிட்டாங்க. கிளார்க்கு, பியூன், ஆயா, மாத்து டிரைவர் மஞ்சுநாத், எல்லாரும் கீறாங்க. ஒரு டாக்டரம்மா வந்திருந்தாங்க. கண்ணாடியைக் கழட்டுங்க, வலது கண்ணை மூடிக்கோங்கன்னாங்க. மூடிகினேன். "எத்தினி விரல் காட்டறேன்"னு கேட்டாங்க. மூணுன்னேன். திரும்பக் கேட்டாங்க. ரெண்டுன்னேன். அப்புறம் மஞ்சுநாத் வந்து என் தோளைப் புடிச்சிகினு, "அண்ணா, அவங்க இன்னும் கையே தூக்கல"ன்னு சொன்னான்.

பத்தொம்பது வருஷம். அந்த ரூமுல எல்லாரும் தலை குனிஞ்சிகினு நின்னாங்க. ஒருத்தராவது சிரிச்சிருக்கலாம்.

சாவியை மேசை மேல வெச்சிட்டு வந்துட்டேன். கேட் வேலை தர்றோம்னாங்க. அதே புள்ளைங்களுக்குக் கேட் தொறந்து விடறதுக்கு நான் போக மாட்டேன். இப்ப வேனை மஞ்சுநாத் ஓட்டறான். காலைல ஏழே காலுக்கு எங்க வீட்டு முன்னாடிதான் போவுது. ஆரன் அடிக்காம போறான். என் மனசு நோகக்கூடாதுன்னு. அதுதான் எனக்கு ரொம்ப நோவுது.

எனக்குத் தெரியாதுன்னு நெனச்சீங்களா. தீபாவளிலேர்ந்து எனக்குத் தெரியும். இடது கண்ணுல கறுப்பு நூல் மாதிரி ஆடிகினு இருந்துது, அப்புறம் புகை மாதிரி ஆச்சு. வலது கண்ணு கீது, அது போதும்னு ஓட்டினேன். ஜெனிட்டா கல்யாணம் முடியற வரைக்கும் தாங்கினா போதும்னு நெனச்சேன். அதை உங்ககிட்ட சொல்லியிருந்தா நீங்க விட்டிருப்பீங்களா. விட்டிருக்க மாட்டீங்க.

இனிமே இந்த அட்ரசுக்கு எழுதாதீங்க.

ஜே. டேவிட்

*

பங்காருபேட்டை
20 ஏப்ரல் 2025, ஈஸ்டர்

டேவிட்டுக்கு,

"நீங்க" என்று எழுதியிருந்தாய். நீ பிறந்த நாளிலிருந்து உன் வாயில் நான் கேட்காத வார்த்தை. திட்டினதையெல்லாம் தாங்கிக்கொண்டேன். அது ஒன்றைத்தான் தாங்க முடியவில்லை.

இன்றைக்குப் பண்டிகை, பொய் எழுதக் கூடாது. சாவியை மேஜை மேல் வைத்துவிட்டு வந்தாய் என்று படித்தபோது எனக்குள்ளே ஒரு சின்னச் சந்தோஷம் வந்தது. கேட்டில் பையோடு நின்ற அந்த மூன்று மணி நேரத்துக்குக் கூலி கிடைத்த மாதிரி. அப்புறம் மஞ்சுநாத் தோளைப் பிடித்ததைப் படித்தேன், சாப்பாடு இறங்கவில்லை. இரண்டும் என்னிடத்தில் இருந்தது. எது பெரிசு என்று என்னைக் கேட்காதே. இன்னும் பத்துத் தரம் ஆனாலும் அந்த அறைக்குப் போயிருப்பேன்.

தீபாவளியிலிருந்து தெரியும் என்கிறாய். அதை வாசித்த பிறகு உன்மேல் எனக்கிருந்த கொஞ்சம் இரக்கமும் போய்விட்டது. தெரியாமல் ஓட்டினாய் என்றுதான் இதுவரைக்கும் உனக்காகப் பேசிக்கொண்டிருந்தேன். ஷில்பாவுக்கும் ஒரு தகப்பன் இருக்கிறான். அவனும் அவளுக்குக் கல்யாணம் பண்ணிப் பார்க்க ஆசைப்படுவான்.

வேலை போய் ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. இப்போது மறைக்க ஒன்றும் இல்லை. இன்னும் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை என்று ஐடா ரோனியிடம் சொல்லியிருக்கிறாள். எனக்குப் பிடிவாதம் காட்டுவதற்காக வலது கண்ணையும் விடப்போகிறாயா? மூன்று மாதச் சுகர் எவ்வளவு என்று ரத்தத்தில் பார். பிரஷரும் பார். தலை சுற்றும்போது மட்டும் போடுகிற மாத்திரை கண்ணைக் காப்பாற்றாது. தினமும் போட வேண்டும். புகையிலையை விடு. இதெல்லாம் நான் சொன்னேன் என்று நினைக்காதே, ஊர் பேர் தெரியாத ஒருத்தி சொன்னாள் என்று வைத்துக்கொள்.

பதிலை எதிர்பார்க்கவில்லை.

பாக்கியவதி

*

ஊரிகம்
12-7-25

பாக்கியவதி அவர்களுக்கு,

சொல்றது நான், எழுதறது ஐடா. நான் சொல்றதை மட்டும்தான் எழுதணும்னு சொல்லியிருக்கேன். அவ ஏதோ சேத்து எழுதப் பாத்தா, திரும்பப் படிச்சுக் காட்டச் சொல்லி, கோடு போட்டு அடிக்கச் சொல்லிட்டேன். மேல அடிச்சிருக்கறது அதுதான்.

மே மாசம் ஒருநாள் காலைல எழுந்தேன், இடது கண்ணு முழுக்கச் செவப்புத் திரை. வெளிச்சம்கூடத் தெரியல. கோலார்ல ஒரு கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிகினு போனாங்க. ரெண்டு கண்ணுலயும் மருந்து விட்டுப் பாத்தாங்க. இடதுக்கு ஆபரேஷன் பண்ணாங்க. இப்ப நெழல் தெரியுது, ஆள் நடந்தா நடக்குதுன்னு தெரியுது. அவ்ளோதான் வரும்னு சொல்லிட்டாங்க. வலது கண்ணுலயும் கசிவு ஆரம்பிச்சிருந்துது. மூணு தரம் லேசர் வெச்சாங்க, ஊசி ரெண்டு போட்டாங்க. கண்ணுல ஊசின்னதும் பயந்தேன். எறும்பு கடிக்கறதுகூட இல்ல. மங்கலாத்தான் கீது, ஆனா இருக்கறது நிக்கும்னாங்க. மூணு மாசச் சுகர் பன்னெண்டுல இருந்துது, இப்ப எட்டு. பெரிய டாக்டர் பைலைப் பாத்துட்டு, இன்னும் கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா இடதும் நின்னிருக்கும்னார். இதை நீங்க கேட்டு சந்தோஷப்படலாம். வேணாம்னு சொல்லல.

நீங்க செஞ்சதை நான் மன்னிக்கல. அந்த ஆபீஸ் ரூம் தெனமும் கனவுல வருது. ஷில்பாவும் வருது, அதையும் சொல்லிடறேன். பாட்டிலைக் குனிஞ்சு எடுக்குது, நான் பிரேக் போட மறந்துடறேன். எழுந்து குந்திகினா விடியற வரைக்கும் தூக்கம் வரதில்ல. அதை நெனச்சா நீங்க போனது சரிதான். சரியா இருந்தா மன்னிக்கணும்னு எங்கயும் எழுதல.

லெட்டர் எழுதின காரணம் வேற.

வீட்ல வேற யாருக்குச் சுகர்னு டாக்டர் கேட்டார். எங்க அம்மாவுக்கு இருந்துது, ஒரு அக்காவுக்குக் கீது, அவங்களுக்கும் கண்ணு போச்சுன்னேன். அப்ப புள்ளைங்க எல்லாருக்கும் பாத்துடுங்கன்னார். ஜெனிட்டாவுக்குப் பாத்தோம். இருவத்தி மூணு வயசு. சுகர் கீது. வேலைக்குப் போற அவசரத்துல ரயில்ல வடையும் டீயுமா ஓட்டிகினு இருந்தா. ரிப்போர்ட்டைப் பாத்துட்டு அவ மடிச்சுப் பையில வெச்சிகினா. நான்தான் அழுதேன்.

சுகர்னு தெரிஞ்சா கண்ணையும் அந்த மாசமே பாக்கணுமாம். வலிக்கிற வரைக்கும் நிக்கக்கூடாது, வருஷா வருஷம் போகணும்னாங்க. ரோனிக்கு இருவத்தி ஏழு. அவனும் அதே ரயில்ல, அதே வடையைத் தின்னுகினு போறவன்தான். உடம்பும் போட்டிருக்கான்னு ஜெனிட்டா சொன்னா. அவங்க ரெண்டு பேரும் ரயில்ல பேசிக்கறாங்கன்னு இப்பத்தான் எனக்குத் தெரியும். நீங்களும் நானும் பேசாத ரெண்டு வருஷமும் பேசிகினுதான் இருந்திருக்காங்க. பேசட்டும். அவங்களை நான் தடுக்கல.

வர்ற சனிக்கிழமை, பத்தொம்போதாம் தேதி, அதே ஆஸ்பத்திரில டோக்கன் போட்டிருக்கேன். ரெண்டு டோக்கன். ஒண்ணு ஜெனிட்டா பேர்ல, ஒண்ணு ரோனி பேர்ல. ரத்தம் எடுப்பாங்க, அவன் வெறும் வயித்துல வரணும். கண்ணுக்கு மருந்து விட்டா நாலு மணி நேரம் மங்கலா இருக்கும், வெயில்ல கண்ணு கூசும். அதனால பைக்கை எடுத்துகினு வரவேணாம், பஸ்ல வரட்டும். ஒம்போது மணிக்குள்ள வரணும்.

நீங்க வரவேணாம். ஜெனிட்டா கல்யாணம் தை மாசம் முடிவாகிக் கீது, அதுக்கும் வரவேணாம். நான் சொன்னா சொன்னதுதான்.

சனிக்கிழமை நான் ஆஸ்பத்திரி கேட்டுகிட்ட நிப்பேன். எனக்குத் தூரத்துல முகம் தெரியாது. அவனைக் கிட்ட வந்து பேரைச் சொல்லச் சொல்லுங்க.

ஜே. டேவிட்